மஞ்சள் ஏறாத தண்ணீர்

சோதனை மருந்தைச் சொட்டுவிட்டு, கட்டைவிரலால் வாயை மூடி ஒருமுறை கவிழ்த்த பிறகும் கண்ணாடிக் குழாயில் இருந்த தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. அப்துல் சத்தார் அதைக் கிழக்கு வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். குளோரின் போதுமான அளவு இருந்தால் எலுமிச்சம்பழத் தோலின் நிறம் உள்ளே மெல்லப் பரவி வர வேண்டும். குறைவாக இருந்தால்கூட வைக்கோல் ஊறிய நீர்போல ஒரு சாயலாவது தெரியும். இன்று ஒன்றும் இல்லை. பக்கத்தில் மரச் சட்டத்தில் மாதிரிக் குழாய்கள் மெழுகால் வாய் அடைக்கப்பட்டு, வெளிறிய மஞ்சளில் தொடங்கி அடர்ந்த மஞ்சள்வரை வரிசையாக நின்றன. எதனோடும் ஒப்பிட்டுப் பார்க்க அவசியமில்லை. நேற்றுக் காலை இதே படியில் உட்கார்ந்து பார்த்தபோது மூன்றாவது குழாயோடு அப்படியே பொருந்தியிருந்தது. போன நாலு சனிக்கிழமைகளிலும் இப்படித்தான் ஆனது என்பது நினைவுக்கு வந்ததும் அவர் குழாயை இறக்கிவிட்டார். நீச்சல் குளம் அசையாமல் கிடந்தது. அடித்தளத்தின் நீலம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் தூரத்தில் இருப்பதுபோலத் தோன்றியது.

ஊரின் பட்டு வியாபாரிகள் சிலர் சேர்ந்து, சின்ன காஞ்சிபுரத்தைத் தாண்டிச் செவிலிமேடு போகும் சாலையில் அந்தக் குளத்தைக் கட்டியிருந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நீச்சல் பழகட்டும் என்பது எண்ணம். போட்ட கிணற்றில் உப்புத் தண்ணீர்தான் ஊறியது. இன்னும் ஆழமாகத் தோண்டியும் உப்பு குறையவில்லை. அதையே நிரப்பித் திறந்தபோது, சமுத்திரத்தை வாங்கி வந்து காஞ்சிபுரத்தில் கட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று ஊர் சிரித்தது. பிறகு உப்புத் தண்ணீரில் குளித்தால் சொறி சிரங்கு போகும் என்று யாரோ சொல்ல, கூட்டம் வரத் தொடங்கியது. காலையில் பிள்ளைகள், சாயங்காலம் ஆண்கள், செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும் பெண்கள். நடுப்பகலில் வாசலைப் பூட்டிவிடுவார்கள். அந்த நேரத்தில் உள்ளே சத்தாரும் மணியம்மாளும் மட்டும் இருப்பார்கள். சத்தார் பம்பு ஓட்டுவார், பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றுவார், தண்ணீரைச் சோதிப்பார். மணியம்மாள் பெருக்குவாள், பெண்கள் வரும் நாளில் அவர்களுடைய துணிமணிகளைப் பார்த்துக்கொள்வாள். அவள் வீட்டுக்காரர் வீட்டிலேயே தறி போட்டிருந்தார். இரண்டு வருஷமாக ஒரே அடுப்பில் டீ வைத்துக் குடித்தும் அவர்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. பேச்சில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடிகிற மனிதர்கள் குறைவு என்று சத்தார் நினைத்துக்கொள்வதுண்டு.

மேனேஜர் ராமலிங்கம் எட்டு மணிக்கு வந்தவர் சைக்கிளை நிறுத்தாமல் பிடித்தபடியே கேட்டார்.

"இன்னா சத்தாரு, இன்னிக்கும் வெறுந்தண்ணிதானா?"

"ஆமா சார்."

"மூணு புள்ளைங்களுக்குக் கண்ணு செவந்து போச்சாம். ஒருத்தனுக்குக் காதுல சீழு. அவன் அப்பன் நேத்து என் வூட்டு வாசல்ல நின்னுக்கினு கத்துறான். சுகாதார அதிகாரி வந்து பாட்டில்ல தண்ணி எடுத்துக்கினு போவப் போறாரு. நான் இன்னா பதில் சொல்லட்டும்?"

ராமலிங்கம் கெட்டவர் அல்ல. மேலே இருக்கிறவர்கள் கேட்பதைக் கீழே கேட்க வேண்டிய இடத்தில் இருந்தார், அவ்வளவுதான். சத்தார் அன்று இரண்டு மடங்கு பவுடர் கரைத்து ஊற்றினார். பிள்ளைகளை உள்ளே விடவில்லை.

எங்கே தவறு என்று தேட ஆரம்பித்தார். மே மாதம் வேலைநிறுத்தத்தால் ரயில் ஓடாமல் நின்ற நாட்களில் மெட்ராஸிலிருந்து வர வேண்டிய சோதனை மருந்து தாமதமாக வந்தது. வழியில் வெயிலில் கிடந்து கெட்டிருக்கலாம். பவுடர் டிரம்மில் ஈரம் இறங்கியிருக்கலாம். மாதிரிக் குழாய்களே நிறம் மாறிப்போயிருக்கலாம். புது டிரம்மை உடைத்து, நகைக்கடைத் தராசில் பவுடரை நிறுத்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் அளவாகக் கரைத்தார். பலம் இவ்வளவு என்று தெரிந்த அந்தத் தண்ணீரில் மருந்தை விட்டு மாதிரிக் குழாய்களோடு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தார். பட்டுக் கடையில் சேலை எடுக்க வருகிறவர்கள் விளக்கு வெளிச்சத்தை நம்பாமல் தெருவுக்கு எடுத்துப் போய்ப் பார்ப்பார்களே, அப்படிச் சட்டத்தை வெளியே தூக்கிவந்து வெள்ளைத் துணியின் முன்னால் வைத்துப் பார்த்தார். கடைசிக் குழாய் மட்டும் சற்று வெளுத்திருந்தது. மற்றவை சரி. மருந்தும் சரி. மீதி இருந்தது அவருடைய கண்.

அன்று வீட்டில், மனைவி உம்முசல்மா கூலிக்குச் சுற்றிக் கொடுக்கும் பட்டு நூல்கண்டுகளை எடுத்து வரிசையாகப் பாயில் வைத்தாள்.

"இது இன்னா கலரு?"

"மஞ்சள்."

"மஞ்சள்னு மாடுகூடச் சொல்லும். இன்னா மஞ்சள்?"

"இது எலுமிச்ச. இது மாம்பழம். அது சாமந்தி. இது ரெண்டும் ஒண்ணுபோல இருக்குது, ஆனா ஒண்ணு இல்ல."

அவள் கண்டுகளைக் கூடையில் போட்டாள். "கண்ணு நல்லாத்தான் இருக்குது. போன பெருநாளுக்கு எனக்கு எடுத்துக்கினு வந்தீங்களே ஒரு சேலை, அதப் பாத்துட்டு போயே போச்சுன்னு நெனச்சேன்."

அவர் சிரித்தார். ஆனால் கண் நன்றாக இருக்கிறது என்பது அவருக்கு ஆறுதலாக இல்லை. தன்னிடம் ஒரு குறை இருந்தால் காரணம் தெரிந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தும் தண்ணீர் மட்டும் பொய் சொல்கிறது என்றால் அதை எங்கே போய்த் தேடுவது?

திங்கள் முதல் வெள்ளி காலைவரை தண்ணீர் ஒழுங்காக மஞ்சளாயிற்று. சனிக்கிழமை மறுபடி வெறுந்தண்ணீர். அந்த வாரமும் அடுத்த வாரமும் அப்படியே. படிகளில் வழுக்கல் படர ஆரம்பித்தது. இந்த முறை ராமலிங்கம் அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"நான் குத்தம் சொல்லல, சத்தாரு. கேக்குறேன். திங்களு நல்லா இருக்குது, வியாழன் நல்லா இருக்குது. வெள்ளிக்கிழம மத்தியானம் நீ பள்ளிவாசலுக்குப் போய்ட்டு வர. சனிக்கிழம தண்ணி செத்துப் போவுது. இதுக்கு இன்னா அர்த்தம்?"

சத்தாருக்கு முகம் சுட்டது. "பவுடரு கரைச்சு ஊத்திட்டுத்தான் சார் போறேன். பம்பையும் ஓடவிட்டுட்டுத்தான் போறேன்."

"இருக்கலாம்பா. வர்ற வெள்ளி மட்டும் போவாத. இங்கயே இருந்து பாரு. சனிக்கிழம தண்ணி சரியா இருந்துதுன்னா, அப்புறம் பேசிக்கலாம்."

மற்ற நாட்களில் ஐந்து வேளையும் தொழுகிறவர் என்று சத்தார் தன்னைச் சொல்லிக்கொள்ள மாட்டார். பம்பு ஓடும் நேரமும் தொழுகை நேரமும் மோதினால் பம்புதான் ஜெயிக்கும். ஆனால் வெள்ளிக்கிழமை வேறு. பதினைந்து வயதில் அப்பாவோடு வரிசையில் நின்றதிலிருந்து, காய்ச்சல் நாட்களைத் தவிர, விட்டதில்லை. குத்பா பிரசங்கம் முடிந்து எல்லாரும் எழுந்து நிற்கும்போது பக்கத்தில் நிற்பவனின் தோள் தன் தோளில் படும். அவன் யார் என்று திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. அந்த நேரத்தில் அங்கே இருக்கும் அமைதி வாரம் முழுவதற்கும் போதுமானதாக இருந்தது. தன் வெள்ளிக்கிழமையைத்தான் இப்போது தண்ணீர் குற்றம் சாட்டுகிறது. இல்லை என்று நிரூபிக்க அவரிடம் எதுவும் இல்லை. தன்னை அறியாமல் எதையாவது மறந்துவிட்டுப் போகிறேனோ என்றுகூட நினைத்துப் பார்த்தார்.

அந்த வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியபோது அவர் பம்பு அறைக்குள், தரையில் படுத்து வால்வுக்குக் கிரீஸ் பூசிக்கொண்டிருந்தார். சைக்கிள் அறைக்குப் பின்னால், கண்ணில் படாமல் நின்றது. சிமெண்ட் ஜன்னலின் ஓட்டைகள் வழியே குளம் துண்டு துண்டாகத் தெரிந்தது. மணியம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு மேற்கு மூலைப் படிக்கு வந்தாள். முந்தானையில் ஏதோ கனமாகத் தொங்கியது. கோபுரம் இருந்த திசை நோக்கித் திரும்பி நின்று கண்ணை மூடினாள். உதடுகள் அசைந்தன. பிறகு குனிந்து, முடிச்சை அவிழ்த்து, பழுப்பாக உருண்டையாக எதையோ இரண்டு கைகளாலும் தண்ணீருக்குள் இறக்கினாள். தூங்கும் குழந்தையைப் பாயில் கிடத்துவதுபோல மெதுவாக.

சத்தார் வெளியே வந்து அவளருகே நின்றார். மண்டை வெல்லம். நல்ல பெரிய உருண்டை. தண்ணீருக்கடியில் மூன்றாம் படியில் உட்கார்ந்துகொண்டு, ஓரங்களிலிருந்து பழுப்பு நூல்களை விட்டுக்கொண்டிருந்தது. சோதனை மருந்தோடு வந்த குறிப்பில், சர்க்கரையோ அழுக்கோ சேர்ந்தால் குளோரினைத் தின்றுவிடும் என்று படித்தது நினைவுக்கு வந்தது. அவருடைய வெள்ளிக்கிழமையும் அவளுடைய வெள்ளிக்கிழமையும் ஒன்றாகவே இருந்திருக்கின்றன.

"பாய், நீ போவலியா?" அவள் படியிலிருந்து நிமிர்ந்தாள்.

"இன்னா மணிம்மா இது?"

அவள் அவிழ்ந்த முந்தானையை இடுப்பில் செருகினாள். உருண்டையின் மேல்பக்கம் குழிந்தது.

"வேண்டுதலு. ஒம்பது வெள்ளிக்கு. இது எட்டாவது." பிறகு தண்ணீரைப் பார்த்தே சொன்னாள். "என் பொண்ணு குழலிக்குக் கையில வெள்ளையா வந்துக்குது பாய். மொதல்ல பொட்டு மாதிரி இருந்துது. இப்ப முழங்கைக்குக் கீழ திட்டுத்திட்டா. ஆவணில ஆரணியிலேந்து பொண்ணு பாக்க வராங்க. வெல்லம் கரையறாப்புல அதுவும் கரைஞ்சு போவணும்னு..."

"கோயில் கொளத்துல போடக் கூடாதா?"

"எப்டிப் போடுவேன்? எங்க தெருவே அங்கதான் இருக்குது. மணியம்மா யாருக்கு வெல்லம் போடுறான்னு ஒருத்தி கேட்டா போதும், சாயங்காலத்துக்குள்ள எல்லாத் தறிக்கும் போயிடும். அப்புறம் ஆரணியாவது, எதாவது. இங்கன்னா யாரும் இல்ல. உப்பும் வெல்லமும் ரெண்டும் போடணும்பாங்க. இதுல உப்பு தானாவே இருக்குது. சுத்தமான வெல்லம்தான் பாய். சாமிக்கு வைக்கிறது."

அதனால்தான் தண்ணீர் கெட்டுப்போகிறது என்று அவர் சொன்னார். அதிகம் விளக்கவில்லை. அவள் முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு பிள்ளைகளின் கண், காது, அவர் வாரக்கணக்காகக் குழாயோடு வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் அலைந்தது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவள் முகத்தில் வந்து போயிற்று. வாயில் முந்தானையை அழுத்திக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எடுத்துர்றேன் பாய். கையவுட்டு எடுத்துர்றேன்."

இலை அள்ளும் வலை சுவரில் சாய்ந்திருந்தது. சத்தார் அதைப் பார்த்தார். ஒரே எட்டில் எடுத்து உருண்டையை அள்ளி வெளியே போட்டுவிடலாம். நாளைக்குத் தண்ணீர் மஞ்சளாகும். அவர் வெள்ளிக்கிழமை அவருக்குத் திரும்பக் கிடைக்கும்; இல்லை, இத்தனை நாள் பள்ளிவாசலுக்குப் போனதுதான் தப்பு என்று ஆகிவிடும். அதையெல்லாம் யோசித்தபடி நின்றாரே ஒழிய கை வலைப்பக்கம் போகவில்லை. அவளும் குனியவில்லை. உருண்டை சின்னதாகி, படியிலிருந்து சரிந்து, ஆழத்துக்குள் போனது.

மறுநாள் எதிர்பார்த்தபடியே வெறுந்தண்ணீர். ராமலிங்கம் இந்தத் தடவை கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"நீ இருந்தும் கெட்டுப் போச்சு. இப்ப இன்னா சொல்ற?"

அறைக்கு வெளியே துடைப்பத்தின் சத்தம் நின்றது. சத்தார் ஜன்னலைப் பார்க்காமல் பேசினார். "மாதிரிக் குழாய் வெயில்ல வெளுத்துப் போச்சு சார். அத வெச்சுப் பாத்து பவுடர கம்மியாப் போட்டுட்டேன். என் கவனக்குறைவுதான்."

"சனிக்கிழமைக்கு மட்டும் வெளுக்குமாய்யா குழாய்?"

ராமலிங்கம் வெகுநேரம் அவரையே பார்த்தார். சத்தார் ஏதோ மறைக்கிறார் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். எதை என்று தெரியவில்லை. கடைசியில், "அடுத்த சனிக்கிழம அதிகாரி வராரு. அதுவரைக்கும் பகல்ல கொளத்தவுட்டு நகராத. வெள்ளிக்கிழமையும் சேத்துத்தான் சொல்றேன். அன்னிக்கும் இப்டி இருந்துதுன்னா ஞாயித்துக்கிழமைலேந்து வர வேணாம்" என்றார்.

டீ கொதிக்கும்போது மணியம்மாள் கேட்டாள். "இன்னாத்துக்கு பாய் பொய் சொன்ன? நான் போயி சொல்லிர்றேன்."

"சொன்னா யாருக்குன்னு கேப்பாரு. அவரு கேக்காட்டியும் வேற யாராவது கேப்பாங்க." டம்ளரை வாங்கிக்கொண்டார். "குழாயும் ஒண்ணு வெளுத்துத்தான் இருக்குது. முழுப் பொய் இல்ல."

"அப்ப ஒம்பதாவது வெள்ளி?"

அவர் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார். எட்டு வாரம் காத்துவந்த ஒன்றைக் கடைசிப் படியில் விடச் சொல்ல அவரால் முடியவில்லை. விட்டுவிட்டு, ஆரணிக்காரர்கள் வேண்டாம் என்று போய்விட்டால், அவள் சாகும்வரை அந்த ஒரு வெள்ளியைத்தான் எண்ணிக்கொண்டிருப்பாள். "கொளத்துத் தண்ணிய ஒரு ஏனத்துல மொண்டு வெக்கிறேன். அதுல போடலாமா?"

"அது ஆவுமா பாய்?"

"அது எனக்கு எப்டிம்மா தெரியும்? தண்ணி அதே தண்ணிதான்."

அவள் குனிந்து அடுப்பை அணைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை அவர் வீட்டுப் பரணிலிருந்து பிரியாணி ஆக்கும் தேக்சாப் பாத்திரத்தை இறக்கியபோது உம்முசல்மா தடுத்தாள். யாருக்கு என்று சொல்லாமல், ஒரு வேண்டுதலுக்கு என்று மட்டும் முந்தின நாள் சொல்லியிருந்தார்.

"இது வேணாங்க. இதுல கறி ஆக்கிக்குது. அவங்க மனசுக்குக் கஷ்டமா இருக்கும்." உள்ளே போய், காகிதம் பிரிக்காத இன்னொன்றைக் கொண்டு வந்தாள். தங்கை மகள் கல்யாணத்துக்கென்று வாங்கி வைத்திருந்தது. "இது இன்னும் அடுப்பே பாக்கல." பிறகு அவர் சட்டையைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை போடும் வெள்ளைச் சட்டை இல்லை.

சங்கு ஊதிக் கொஞ்ச நேரத்தில் மணியம்மாள் மகளோடு வந்தாள். கடைசி வெல்லத்தை அவளே தன் கையால் போட வேண்டுமாம். ஏலவார்குழலியை சத்தார் இதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஆடி வெயிலிலும் மணிக்கட்டுவரை கை வைத்த ரவிக்கை போட்டிருந்தாள். மேற்கு மூலையில் தேக்சா விளிம்புவரை நிறைந்து, நீலமாக அல்ல, வானத்தின் நிறத்தில் இருந்தது. மணியம்மாள் அதையும் குளத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுல போட்டா ஆவுமாடி?"

"கொளத்துல போட்டு எட்டு வாரம் இன்னா ஆச்சு?" என்றாள் குழலி. குரலில் கோபம் இல்லை. வெல்லத்தை வாங்கி, அம்மா சொன்ன திசையில் திரும்பி நின்றுவிட்டு, இறக்கினாள்.

கலக்கக் கூடாது, தானாகக் கரைய வேண்டும். மூன்று பேரும் காத்திருந்தார்கள். சத்தார் பம்பு அறை நிழலில், சற்றுத் தள்ளி, முகத்தைச் சாலைப்பக்கம் திருப்பி உட்கார்ந்தார். பம்பு ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. இந்நேரம் பள்ளிவாசல் ஹவுஸ் தொட்டியில் கை கால் கழுவிக்கொண்டிருப்பார்கள். இந்நேரம் குத்பா தொடங்கியிருக்கும். அவர் கைகள் அவரையறியாமல், தொழுகையில் உட்காரும்போதுபோல, முழங்கால்களில் போய் அமர்ந்திருந்தன.

மணியம்மாள் திடீரென்று நிமிர்ந்தாள். "பாய், நேரமாவுதே. தொழுவலியா?"

"இங்கயே தொழுதுக்குறேன்," என்று அவர் திரும்பினார்.

"கூட்டத்தோட நின்னாதான் ஜும்மான்னு நீதானே ஒருவாட்டி சொன்ன?"

அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. போன வெள்ளியும், இந்த வெள்ளியும் அவர் போகவில்லை. பிறகு எழுந்து, வாசல் கேட்டருகே போய், சாலையில் யாரும் வருகிறார்களா என்று பார்ப்பவள்போல முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

குழலி அம்மாவைப் பார்த்தாள். பிறகு சத்தாரைப் பார்த்தாள். அவர் எழுந்து போய்விடலாமா என்று யோசித்தபோது, அவள் தேக்சாவின் பக்கத்தில் மண்டியிட்டு, மணிக்கட்டிலிருந்த கொக்கியைக் கழற்றி, ரவிக்கைக் கையை மடிப்பு மடிப்பாக முழங்கைக்கு மேலே ஏற்றினாள். வெயில் படாத தோல். அதில் திட்டுகள் கரை ஒதுங்கிய நுரைபோல வெள்ளையாக இருந்தன. மறைக்க அவள் அவசரப்படவில்லை. கையை முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டாள். உருண்டை ஏறக்குறையக் கரைந்துவிட்டிருந்தது. தண்ணீர் காய்ச்சிய டீயின் நிறத்துக்கு வந்திருந்தது. அந்தப் பழுப்புக்குள் விரல் நுனியிலிருந்து முழங்கைவரை அவள் கை ஒரே நிறமாக இருந்தது. அவள் விரல்களை விரித்தாள், மடக்கினாள், மறுபடி விரித்தாள். வெளியே எடுக்கவில்லை.